ஆற்றங்கரையிற் பூகோளம்

நைல் நதியின் நீளம் யாது என வினவின், நம் பாடசாலைச் சிறுவன் ஏறத்தாழ 6,650 கிலோமீட்டர் என்று இமைப்பொழுதில் விடை பகர்வான். அது எந்தக் கடலிற் கலக்கின்றது என்பதையும் தடையின்றிக் கூறுவான். ஆயின், தன் வீட்டிற்கு அப்பால், பிறந்த நாள்தொட்டுத் தான் கண்டுவரும் தாமிரவருணி எம்மலையிற் பிறந்து எவ்விடத்திற் கடல் சேர்கின்றது என்றும், பிற ஆறுகள் மணற்காடாய்க் கிடக்கும் கோடையிலும் அதில் நீர் ஓடுவது எதனால் என்றும் வினவின், அவன் நம் முகத்தையே நோக்கி நிற்பான். அவன்மேற் குறை கூறுதல் முறையன்று. பூகோளம் என்பது தொலைவில் உள்ள நாடுகளைப் பற்றியது. அது புத்தகத்தில் இருப்பது. தேர்வு முடிந்தபின் மறக்கற்பாலது. இவ்வாறே அவனுக்கு நாம் கற்பித்து வைத்திருக்கின்றோம்.

இதனை மாற்றுதற்குரிய வழி, பிள்ளைகளை வகுப்பறையினின்றும் வெளியே அழைத்துச் சென்று நிலத்தையே நூலாக்கிக் கற்பித்தல் என்பர் அறிஞர். இதில் ஐயமில்லை. ஆயின் வெளியே அழைத்துச் செல்வதனால் மட்டும் கல்வி நிகழ்ந்துவிடுமோ? நிகழாது என்பதை யாம் நூல்களிற் கற்றிலோம். எமது பிழையினாற் கற்றோம். அதனை மறையாது கூறுதலே ஈண்டு எம் நோக்கம்.

எம் கல்லூரிக்கு அண்மையில் உள்ள பாடசாலை ஒன்றன் எட்டாம் வகுப்பு மாணாக்கர் ஒரு நாட் பயணம் புறப்பட்டபோது, எம்முள் அறுவர் துணைபுரியச் சென்றோம். பேருந்துகள் இரண்டு; பிள்ளைகள் எண்பதின்மருக்கு மேல்; புளியோதரைப் பொட்டலங்கள் கூடை கூடையாய். பாபநாசத்தில் அருவியைக் கண்டோம். மணிமுத்தாற்றில் அணையைக் கண்டோம். அணையின் வரலாற்றை ஆசிரியர் உரத்த குரலிற் கூறினார். முன்னே நின்ற பிள்ளைகள் கேட்டு எழுதினர். பின்னே நின்றவர்கள் முன்னே நின்றவர்களைப் பார்த்து எழுதினர். அவர்க்கும் பின்னே நின்றவர்கள் குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். மறுநாள் வகுப்பில் எழுதப்பெற்ற கட்டுரைகளை யாம் படித்தோம். “காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம்” என்று தொடங்கி, “இனிதே இல்லம் திரும்பினோம்” என்று முடியும் ஒரே கட்டுரையை எண்பது கைகள் எழுதியிருந்தன. ஆற்றைப் பற்றி அவற்றில் இருந்த செய்திகள் யாவும், எவரும் வீட்டை விட்டு அசையாமலே எழுதியிருக்கக்கூடியவை.

ஆயினும் அப்பயணத்தில் ஒரே ஒரு நல்ல வினா எழுந்தது. அதனை எழுப்பியவர் ஆசிரியர் அல்லர், யாமும் அல்லேம். மாலையிற் பேருந்து திரும்பி ஆற்றுப்பாலத்தை அணுகியபோது, சன்னலோரம் அமர்ந்திருந்த சிறுமி ஒருத்தி எம்முள் ஒருவரை நோக்கி, “அண்ணா, எங்கள் தெருவுக்கும் ஆற்றுக்கும் நடுவே இன்னொரு தெரு இருக்கிறது. வெள்ளம் வந்தபோது அந்தத் தெரு வீடுகளுக்குள் தண்ணீர் போகவில்லை. எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. அது எப்படி?” என்று கேட்டாள்.

அவள் குறித்தது 2023-ஆம் ஆண்டு திசம்பர் 17, 18 ஆம் நாட்களின் பெருவெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பொழிந்ததும், திருவைகுண்டம் நிலையத்தில் ஏறத்தாழ எண்ணூறு பயணிகளோடு தொடர்வண்டி நீர்சூழ நின்றதும், நெல்லை நகரின் ஆற்றங்கரைத் தெருக்கள் மூழ்கியதும் நம்மவர் எவரும் மறந்திலர். அச்சிறுமிக்கோ அது செய்தியன்று. நள்ளிரவிற் பாட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிவீட்டாரின் கதவைத் தட்டிய நினைவு. “பெருமழை பெய்தது அல்லவா, அதனால்தான்” என்று யாம் விடை கூறினோம். “மழை அந்தத் தெருவிலுந்தானே பெய்தது!” என்றாள். அதன்பின் எமக்கு வாய் எழவில்லை.

அன்றிரவு விடுதியில் யாம் இதுபற்றி நெடுநேரம் உரையாடினோம். பாபநாசம்வரை சென்று வந்த எம் பயணத்தில் இல்லாத பூகோளம், அச்சிறுமியின் வீட்டு வாயிற்படியில் இருந்தது. அதனை யாம் காணத் தவறியது எதனால்? யாம் இடத்தைத் தெரிந்தெடுத்தோம், பேருந்தைத் தெரிந்தெடுத்தோம், உணவைத் தெரிந்தெடுத்தோம், வினாவைத் தெரிந்தெடுக்கவில்லை. வினாவின்றிச் செல்வது உலா. வினாவோடு செல்வதே ஆய்வு. உலா தீதன்று, பிள்ளைகள் மகிழ்ந்திருத்தலும் வேண்டுவதே. ஆயின் உலாவிற்குக் கல்வி என்று பெயரிடுதல் பிள்ளைகளையும் ஏமாற்றி நம்மையும் ஏமாற்றுவதாகும்.

ஆகவே, பிள்ளைகளுக்குக் கள ஆய்வு வகுக்கப் புகும் ஆசிரியர் முதற்கண் தேடவேண்டுவது ஒரு வினா. அவ்வினா சிறியதாதல் வேண்டும்; பிள்ளைகள் வாழும் இடத்தைப் பற்றியதாதல் வேண்டும்; கண்ணும் காலும் கையும் கொண்டு அரைநாளில் விடை தேடத் தக்கதாதல் வேண்டும். “ஆற்றைப் பற்றி அறிக” என்பது வினாவன்று. “பழங்காலத்திற் கடற்றுறையாய் விளங்கிய கொற்கை இன்று கடலினின்றும் விலகி உள்நாட்டில் நிற்பது ஏன்?” என்பது மிகச் சிறந்த வினாவே, எனினும், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு காலைப் பொழுதில் அளந்து விடை காணக்கூடியதன்று. “ஆற்றுக்கு அருகிலுள்ள தெரு தப்ப, அதற்கப்பாலுள்ள தெரு மூழ்கியது ஏன்?” என்பதோ மூன்று இலக்கணங்களும் பொருந்திய வினா.

இது நாம் புதிதாய்க் கண்ட முறையும் அன்று. 1915-ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளாதாரப் பேராசிரியராய் வந்த கில்பர்ட் சிலேட்டர், தம் மாணாக்கர் கையில் வினாப்பட்டியலைக் கொடுத்து, அவர்கள் நன்கறிந்த சிற்றூர்களையே ஆராய்ந்து வரப் பணித்தார். அவர்கள் கொணர்ந்தவை தொகுக்கப்பெற்று, தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றைப் பற்றிய நூலாய் 1918-இல் வெளிவந்தன. அச்சிற்றூர்களுள் ஒன்று நம் நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான். அவ்வூர்களைப் பின்வந்தோர் மீண்டும் மீண்டும் சென்று ஆராய்ந்தமைக்குக் காரணம், முதலிற் சென்றவர்கள் வினாவோடு சென்றமையே அன்றோ?

எம் பிழையைத் திருத்திக்கொள்ளப் பாடசாலைத் தலைமையாசிரியரிடம் இன்னும் ஓர் அரைநாள் வேண்டினோம். அவரும் அன்புடன் இசைந்தார். இரண்டாம் முறை யாம் செய்தவற்றை, இத்துறையிற் புகுவார்க்குப் பயன்படுமெனக் கருதி ஈண்டு முறையே கூறுகின்றோம்.

முதலாவது, பிள்ளைகளுக்கு முன் யாமே சென்று பார்த்தோம். எருசலேமின் அலங்கத்தைக் கட்டவந்த நெகேமியா, எவரிடமும் ஒன்றும் கூறாமல் இரவில் ஒருசிலரோடு சென்று இடிந்த மதில்களைச் சுற்றிப் பார்த்த பின்னரே மக்களை அழைத்தான் எனத் திருமறை கூறும். ஆசிரியர்க்கும் அதுவே முறை. யாம் முன்னதாகச் சென்றமையால், முதலிற் கருதியிருந்த வழி வண்டிகள் விரையும் பெருஞ்சாலையைக் கடப்பதாயிருந்ததைக் கண்டு வேறு வழி வகுத்தோம். குடிநீர் எங்கே, நிழல் எங்கே, சிறுமியர்க்கு ஒதுக்கிடம் எங்கே, கடிக்கும் நாய் எவ்வீட்டில் என்பனவெல்லாம் குறித்துக்கொண்டோம். பெற்றோரிடம் எழுத்தாலும் வீட்டுக்காரர்களிடம் வாயாலும் இசைவு பெற்றோம். ஆற்றிற் குளிக்க இறங்கி உயிரிழந்த சிறுவரைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் நம் காதில் விழுகின்றது. ஆதலின், எவரும் நீரிற் காலை வைத்தலாகாது என்பதனை மாறா விதியாக்கினோம்.

இரண்டாவது, புறப்படுமுன் ஒவ்வொரு பிள்ளையும் தன் உய்த்துணர்வை ஏட்டில் எழுதுமாறு செய்தோம். “ஆற்றுத்தெரு வீடுகள் உயரமான திண்ணை உடையவை” என்றனர் சிலர். “எங்கள் தெருவில் மழைநீர் தேங்கியது, அது ஆற்று வெள்ளம் அன்று” என்றனர் சிலர். “அணையைத் திறந்துவிட்டார்கள்” என்றனர் பலர். முன்னே எண்ணியதை எழுதிவைத்தவனே பின்னே தான் தவறியதை அறிவான். எழுதாதவன் எப்போதும் தான் எண்ணியதே சரியென்பான்.

மூன்றாவது, குறிப்பேட்டை வகுத்த முறை. தமிழ் பயிலும் எமக்கு இதில் தொல்காப்பியம் கைகொடுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் உள்ள உயிரும் பிறவும் கருப்பொருள். மக்களின் ஒழுகலாறு உரிப்பொருள். இவ்வரிசையையே குறிப்பேட்டின் மூன்று கட்டங்களாக்கினோம். முதற் கட்டத்தில் இடம், நாள், மணி, மேடு பள்ளம். இரண்டாவதில் மரம், வாய்க்கால், கட்டடம், மண்ணின் நிறம். மூன்றாவதில் அங்கு வாழ்வோர் கூறியவையும் செய்தவையும். அகத்திணைக்கு வகுத்ததை வெள்ளத்திற்குக் கொள்ளலாமோ எனப் புலவர் சிலர் முனியக்கூடும். இடத்தையும் காலத்தையும் முதலில் நிறுத்திக்கொண்டே பிறவற்றைப் பேசவேண்டும் என்னும் அறிவு எத்துறைக்கும் உரியதே என்பது எம் கருத்து.

நான்காவது, கருவிகள். அளவுநாடா மூன்று; திசைகாட்டி ஒன்று; தெருக்களைப் பெரிதாய் வரைந்த படங்கள்; கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் நீர்க்குழாய் ஒன்று. குழாயில் நீரை நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதனைப் படிப்படியாய்ப் பெயர்த்து வைத்துச் சென்றால், ஒரு தெரு மற்றொன்றினும் எத்துணை தாழ்ந்தது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அளந்துவிடலாம். பாடசாலைக்கு அருகே வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் ஒருவர் குழாயைத் தந்ததோடு அமையாது, வேலையை நிறுத்திவிட்டு வந்து, அதனைப் பிடிக்கும் முறையையும் காட்டிச் சென்றார். அன்றைய ஆசிரியர்களுள் தலைசிறந்தவர் அவரே.

இனி அன்று நிகழ்ந்ததைக் கூறுவோம். பிள்ளைகளை ஐவர் ஐவராய்ப் பிரித்தோம். ஒருவர் குழாயின் ஒரு முனை, மற்றொருவர் மறுமுனை, ஒருவர் நாடா, ஒருவர் ஏடு, ஒருவர் வினாவுவோர். ஒவ்வோர் அளவையும் மும்முறை எடுக்கவேண்டும் என்பது விதி. வெள்ளம் சுவர்களில் விட்டுச்சென்ற மண்கோட்டைத் தேடினர். சில வீடுகளில் வெள்ளையடித்து மறைந்துபோயிருந்தது. அங்கெல்லாம் வீட்டுப் பெரியோர் கையால் தொட்டுக் காட்டினர். ஒரு வீட்டில் தாத்தா ஓர் உயரமும் பாட்டி வேறோர் உயரமும் காட்டி வழக்காடினர். வினவ வினவ, தாத்தா கூறியது 1992-ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளத்தின் உயரம் எனத் தெரியவந்தது. மக்கள் கூற்றையும் ஆராய்ந்தே கொள்ளவேண்டும் என்பதை எவ்வுரையும் அத்துணைத் தெளிவாய்க் கற்பித்திராது.

ஒரு குழுவின் மூன்று அளவுகள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருந்தன. “அண்ணா, நடுவில் உள்ளதை எழுதிவிடலாமா?” என்றான் ஏடு பிடித்தவன். மற்றொருவனோ, தான் முன்னே எழுதிய உய்த்துணர்வுக்குப் பொருந்தும் எண்ணை எழுதலாம் என்றான். யாம் மறுத்து, எண்ணைத் திருத்தாதே, எண்ணத்தைத் திருத்து என்று கூறி, மீண்டும் அளக்கச் செய்தோம். குழாயினுள் காற்றுக்குமிழி ஒன்று சிக்கியிருந்தமை அப்போது புலனாயிற்று. குமிழியை வெளியேற்றிய பின் மூன்று அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாயின. அக்குழு பெற்ற மகிழ்ச்சி அருவி கண்டவர்க்கும் இல்லை.

நண்பகலுக்குள் விடை தெளிந்தது. ஆற்றுக்கு அப்பாலுள்ள சிறுமியின் தெரு, ஆற்றங்கரைத் தெருவினும் ஒன்றரை முழம் தாழ்ந்தது! வெள்ளந்தோறும் ஆறு தான் சுமந்துவரும் வண்டலிற் பெரும்பகுதியைக் கரையருகே படியவிடுகின்றது. ஆதலின் கரையோரம் மேடாகவும், அதற்கு அப்பால் தாழ்வாகவும் அமைதல் சமவெளி ஆறுகளின் இயல்பு. இது பாடநூல்களிலும் உள்ள செய்தியே. ஆனால் அது தம் தெருவைப் பற்றியது என்று அதுவரை ஒருவரும் அறிந்திலர். தாழ்ந்த அத்தெரு ஒரு காலத்தில் வயலாயிருந்தது எனவும், அதனருகே ஓடும் வாய்க்கால் வயலின் மிகைநீரை ஆற்றில் வடித்தது எனவும் முதியவள் ஒருத்தி கூறினாள். ஆற்றின் மட்டம் வாய்க்காலின் மட்டத்தினும் உயர்ந்த இரவில், நீரை வெளியேற்ற வெட்டிய வழியே நீர் உள்ளே வரும் வழியாயிற்று. வாய்க்காலோரச் சுவர்களில் மண்கோடு மிக உயர்ந்திருந்ததைப் பிள்ளைகளின் அளவுகளும் காட்டின. அணை திறப்பைப் பற்றியும் மழையின் அளவைப் பற்றியும் எம் குழாய் ஒன்றும் கூறவில்லை. ஆதலின் அவற்றைப் பற்றி ஒன்றும் முடிவுகட்டலாகாது என்பதனையும் பிள்ளைகளே எழுதினர்.

இங்ஙனம் செய்தற்குத் தடைகள் பல கூறுவர். பொழுது இல்லை என்பர். எமக்கு வேண்டியிருந்தது ஓர் அரைநாளும், முன்னும் பின்னுமாய் மூன்று பாடவேளைகளுமே. பொருள் இல்லை என்பர். பேருந்து ஒன்றன் வாடகையில் ஆறு பாடசாலைகளுக்குக் குழாயும் நாடாவும் வாங்கிவிடலாம். வெள்ளம் கண்டிராத ஊராயின் என் செய்வது என்பர். வாய்க்காற் பாலத்தின்மேல் நின்று உலர்ந்த தேங்காய் மட்டைத்துண்டு ஒன்றை நீரிலிட்டு, அது கரையில் அளந்து வைத்த பத்து மீட்டரைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பின், மேல்நீரின் விரைவு தெரியும். தூர் வாரிய இடத்திலும் வாராத இடத்திலும் அதனை ஒப்பிட்டால் அதுவே ஒரு வினா. சந்தைக்கு வரும் காய்கள் எவ்வூரின. பழைய கிணறுகளின் நீர்மட்டம் வைகாசியிலும் மார்கழியிலும் எவ்வாறு வேறுபடுகின்றது. எத்தெருவில் நிழல் உண்டு, எத்தெருவில் இல்லை. இவை இல்லாத ஊர் எது? தேர்வுக்கு உதவாது என்பதே இறுதியாய்க் கூறப்படும் தடை. தேர்வுக்கு உதவாததாயினும், வீட்டுக்குள் நீர் புகும் இரவிற்கு உதவும் கல்வி ஒன்று இருக்குமாயின், அதனைப் புறக்கணித்தல் அறமோ? பாட்டியைத் தூக்கிக்கொண்டு எத்தெரு வழியே ஓடவேண்டும் என்பதனை அப்பிள்ளைகள் இன்று அறிவர்.

இவ்விதழைப் படிப்போருட் பலர் ஆசிரியராய் இருக்கின்றீர்கள். எம் தோழர் பலர் ஆசிரியராகவிருக்கின்றீர்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளைத் தொலைவிற்கு அழைத்துச் செல்லுமுன், ஒருநாள் அவர்கள் தெருவிற்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன் அவர்கள் கேட்கும் வினா யாதெனக் காதுகொடுத்துக் கேளுங்கள்.

பிள்ளைகள் வரைந்த படம் அப்பாடசாலைச் சுவரில் இன்றும் தொங்குகின்றது. தெருவினரும் வந்து கண்டு சென்றனர். படத்தின் அடியில், வினா எழுப்பிய அச்சிறுமி தன் கையெழுத்தில் மற்றொரு வினாவை எழுதி வைத்திருக்கிறாள்: “வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில் ஒரு மடைக் கதவு வைத்தால் ஆறு உள்ளே வருமா?” அதற்கும் எம்மிடம் விடையில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் குழாயை எடுத்துக்கொண்டு மீண்டும் செல்லக் கருதியுள்ளோம். உடன் வர விரும்பும் நண்பர்கள் வருக.